மார்க் கேட்காத பள்ளிக்கூடம்

1

போன வருஷம் கோடை தொடங்கும்போது ஒரு வாய்ஸ் மெசேஜைத் தப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டேன். அதன் பலனை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அங்கே ஒருத்தியோடு முறைத்துக்கொண்டால் பேசுவதற்குத் தெரு முழுக்க ஆள் இருக்கும். இங்கே தமிழில் பேச எனக்கு இருந்தது மொத்தமே ஒரு வாட்ஸப் குழு. அதில்தான் போய் விழுந்தது அந்த மெசேஜ்.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். நான் நர்ஸிங் படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்தேன். லண்டனுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் குடித்தனம். கணவர் டேனியல் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் வந்து படுப்பார், நான் திரும்பும்போது அவர் கிளம்புவார். எங்கள் தாம்பத்தியப் பேச்சு பெரும்பாலும் ஃப்ரிட்ஜில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதோடு முடிந்துவிடும். ஒரே மகள் ஜெனி. அவளுக்கு அப்போது பத்து வயது.

பத்து வயது என்றால் இந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் வட்டாரத்தில் ஆரம்பப் பள்ளி முடியும் தறுவாயில் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் தேறினால் கிராமர் ஸ்கூல் என்கிற அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைக்கும். ஃபீஸ் கிடையாது, ஆனால் பேர் பெரிசு. தேறாவிட்டால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பள்ளி. இவ்வளவுதான் விஷயம். வெள்ளைக்காரர்களில் நிறையப் பேர் இதைப் பற்றி அலட்டிக்கொள்வதே இல்லை. நம் ஆட்கள் குழந்தைக்குப் பால்பல் ஆடும்போதே டியூஷன் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

நானும் தேடினேன். அப்படித்தான் அந்தக் குழுவுக்குள் போனேன். எல்லோரும் தமிழ் அம்மாக்கள். கோயம்புத்தூர், திருச்சி, மதுரை என்று ஆளுக்கொரு ஊர். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு நடக்கும். ஒருவர் காரில் நாலு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது, மற்றவர் திருப்பிக் கூட்டிவருவது என்று முறை வைத்திருந்தோம். சாயங்காலம் மதிப்பெண் பட்டியல் வந்ததும் அதைப் படம் பிடித்துக் குழுவில் போடுவார்கள். கீழே ஒருத்தி, "எங்க வீட்ல நாங்க ஒண்ணும் சொல்லியே குடுக்கறதில்லப்பா, அவனே படிச்சுக்கறான்" என்று எழுதுவாள். அவள் பையனுக்கு மூன்று டியூஷன் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது டியூஷன் வாத்தியாரின் பெயர்தான் யாருக்கும் தெரியாது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள் என்று எனக்குச் சந்தேகம்.

இப்படி நான் கிண்டல் செய்தாலும், அந்தப் பெண்கள்தான் எனக்கு இங்கே உறவு. அப்பா இறந்த செய்தி வந்தபோது விசா புதுப்பிக்கக் கொடுத்த என் பாஸ்போர்ட் அந்த அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது. போக முடியவில்லை. ராயபுரத்தில் அப்பாவைக் கல்லறைக்கு எடுத்துப் போவதைப் போனில் பார்த்தேன். அன்றைக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றவள் சுமதி. ஈரோட்டுக்காரி, குழுவை நடத்துகிறவளும் அவள்தான். எங்கள் ஜெபம் எதுவும் அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ரசம் வைத்தாள், ஜெனிக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு வாரம் தினமும் வந்தாள். அதை நான் மறக்க முடியாது.

3

இந்தக் குழுவில் நான் பேசிய தமிழ் என் தமிழ் இல்லை.

அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஜெனி சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்திருந்தேன். அறையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுந்து, "ரூமு கலீஜா கீது" என்றிருக்கிறாள். கலீஜ் என்றால் எங்கள் பக்கத்தில் அசிங்கம், அழுக்கு. குழந்தை வீட்டில் கேட்டதைச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சாயங்காலம் என்னிடம், "வீட்டுல டிவியில இந்த மாதிரி படமெல்லாம் போடாதீங்க" என்றார். டிவி இல்லை, அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நானும் செய்தி வாசிப்பவளைப் போல "இருக்கிறது", "வருகிறது" என்று பேச ஆரம்பித்தேன். ஜெனி அதற்கடுத்த வருஷம் தமிழில் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எந்தத் தமிழைப் பேசுவது என்று எனக்கே தெரியாதபோது அவள் என்ன செய்வாள்.

என் சொந்தத் தமிழைப் பேச ஒரே ஒருத்திதான் மிச்சம், தேவி. ராயபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் என்னோடு படித்தவள், திருவொற்றியூர் குப்பத்துப் பெண். இப்போது விம்கோ நகரில் இருக்கிறாள். அவள் புருஷன் விசைப்படகில் போகிறார். அவள் பையன் கிஷோருக்கும் ஜெனி வயதுதான். நாங்கள் இரண்டு பேரும் வாய்ஸ் மெசேஜில்தான் பேசிக்கொள்வோம். அவள் மீன் கழுவிக்கொண்டே பேசுவாள், நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது பதில் சொல்வேன்.

4

ஒரு சனிக்கிழமை. மாதிரித் தேர்வுக்குக் கிளம்பும்போது ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை தவறாமல் வரும் வலி அது. நான் நர்ஸ், நாடகத்துக்கும் வலிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "நான் ஃபெயிலானா சுமதி ஆன்ட்டி அப்பவும் நம்ம வீட்டுக்கு வருவாங்களா?"

வருவாங்க என்றேன். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி யோசித்துவிட்டேன். குழந்தை அந்த ஒரு விநாடியைப் பார்த்துவிட்டாள்.

அவளைத் தேர்வுக்குள் அனுப்பிவிட்டு வெளியே வண்டியில் உட்கார்ந்தேன். ஆற்றாமை தாங்கவில்லை. போனை எடுத்து தேவிக்குப் பேசினேன்.

"தேவி, இன்னாமே சொல்றது. இங்க ஒவ்வொருத்தியும் வூடு கட்டிகினு கீறாளுங்க. எம்புள்ள அத்தக் கிழிச்சான், எம்பொண்ணு இத்தக் கிழிச்சான்றாளுங்க. கேட்டா நாங்க ஒண்ணுமே சொல்லித் தர்லன்றாளுங்க. சுமதி ஒருத்திதான் நல்லவ. ஆனா புள்ளைய இஸ்துகினு ஓடறதுல அவளும் கம்மி கெடியாது. ஜெனிக்கு சனிக்கெழமன்னாலே வயித்த வலிக்குதுமே. ரொம்ப பேஜாரா கீது. ஒரு நல்ல ஸ்கூலுன்னா அது இப்டியாமே இருக்கும்?"

அனுப்பிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், போயிருப்பது குழுவுக்கு.

வூடு கட்டுவது என்றால் எங்கள் பக்கத்தில் செங்கல், சிமென்ட் சமாசாரம் இல்லை. சண்டைக்கு முன்னால் கையைக் காலை வீசி, சுற்றிச்சுற்றி அடியெடுத்து வைத்து எதிராளியை மிரட்டுவது. பல சமயம் அடியே விழாது, வெறும் படம்தான். அழிக்கப் போவதற்குள் முதல் பதில் வந்துவிட்டது. திருச்சிக்காரி ஒருத்தி, "யாரு வீடு கட்டறா? பர்மிஷன் குடுத்துட்டாங்களா? எங்களுக்கு ரெண்டு தடவை தள்ளிப் போயிடுச்சு" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தக் குழப்பத்திலேயே தப்பித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இன்னொருத்தியின் புருஷன் பெரம்பூர்க்காரர். அவர் கேட்டுவிட்டு அர்த்தம் சொல்லியிருக்கிறார். அதோடு குழு அமைதியானது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டை எனக்குத் தெரிந்த விஷயம். மறுநாள் வழக்கம்போல மதிப்பெண் பட்டியல் வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போவது என் முறை. முந்தின நாள் ஒரு செய்தி: "கிளாரா, இந்த வாரம் நீங்க சிரமப்பட வேண்டாம். நாங்களே பாத்துக்கறோம்."

5

தேவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்புறம் அவள் கதையைச் சொன்னாள்.

அவளும் அப்போதுதான் கிஷோருக்கு வேறு பள்ளி தேடிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த ஒரு பெரிய பள்ளிக்குப் போயிருக்கிறாள். அங்கே பையனுக்கு முன்னால் அப்பா அம்மாவுக்கு இன்டர்வியூ. "அப்பா இன்னா வேலைன்னு கேட்டாங்கோ. போட்டுன்னேன். ஓ, போர்ட்டா, ஹார்பர்ல ஆபீசரா சாருன்னு ஒரே சிரிப்பு. இல்லம்மா, மீன் புடிக்கிற போட்டுன்னேன். அத்தோட அந்தம்மா மூஞ்சி சுருங்கிப் போச்சுமே. வெளிய வந்தா அங்க கீற அம்மாங்கோ பேச்சுலாம் கேக்கணுமே. ஆறாங்கிளாஸ்லயே டாக்டர் படிப்புக்கு கோச்சிங்காம்."

"அப்பால இன்னா பண்ண?" என்றேன்.

"வந்துட்டேன். பழைய ஸ்கூல்லயே இருக்கட்டும், அங்க அவனுக்கு தோஸ்துங்க கீறாங்கோ."

அவளுக்கு அது எளிது என்று அப்போது பொறாமையாக இருந்தது. இங்கே நான் ஊரை நினைத்து உருகுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பள்ளியில் வகுப்பில் எழுந்து நிற்க வைத்து ராங்க் படிப்பார்கள், ஃபீஸ் கட்டாத பிள்ளையின் பெயரையும் அதே குரலில் படிப்பார்கள். அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஆனால் கேட்டுக்கு வெளியே அம்மாக்களின் பேச்சு வேறாக இருந்தது. எங்கள் பக்கத்தில் நல்ல பள்ளி என்றால் கண்டெய்னர் லாரி போகாத ரோட்டில் இருக்கும் பள்ளி. ஹார்பருக்குப் போகும் லாரிகள் எண்ணூர் வரைக்கும் வரிசை கட்டி நிற்கும். அதைத் தாண்டித்தான் பாதிப் பிள்ளைகள் வரவேண்டும். அதனால் அம்மாக்கள் சாயங்காலம் ஒருவரையொருவர் கேட்பது ஒன்றுதான்: "வந்துட்டாளா?" தேவி முதல் ராங்க், நான் எட்டோ ஒன்பதோ. இரண்டு பேர் அம்மாக்களும் ஒரே சுவரில் சாய்ந்து நின்று, இரண்டு பேரும் வந்துவிட்டோமா என்றுதான் பார்ப்பார்கள்.

ஜெனிக்கும் அப்படி ஒரு வாசல்தான் எனக்கு வேண்டியிருந்தது. அது எந்தப் பள்ளியின் விளம்பரத் தாளிலும் போட்டிருக்காது.

6

புதுப் பிள்ளைகளின் பெற்றோர் சுற்றிப் பார்க்கும் நாட்கள் என்று இங்கே வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் லீவு போட்டு மூன்று பள்ளிகளுக்குப் போனேன். முதல் பள்ளியில் ஆய்வகத்தைக் காட்டும்போது முன்னால் நின்ற ஒரு அப்பா, எந்தெந்தப் பிள்ளை எந்தெந்தப் பல்கலைக்கழகம் போயிற்று என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டாவது பள்ளியில் எங்கள் குழுவில் இருந்த இரண்டு பேரையே பார்த்தேன். இந்தப் பள்ளியெல்லாம் யோசிக்கவே இல்லை என்று முந்தின வாரம்தான் குழுவில் சொன்னவர்கள். மூவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல நடந்தோம்.

மூன்றாவது, எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் சாதாரணப் பள்ளி. தலைமையாசிரியை கொஞ்சம் வயதானவர், மழையில் நனைந்த கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் நம் ஊர் வழக்கத்தில் அவரிடம், வகுப்பின் ஸ்ட்ரெங்த் எவ்வளவு என்று கேட்டேன். எத்தனை பிள்ளைகள் என்று அர்த்தம். நம் ஊரில் பியூன்கூட அப்படித்தான் கேட்பார். அந்த அம்மாளுக்கு அது பலம் என்றுதான் காதில் விழுந்தது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "எங்க பிள்ளைங்க ஒருத்தர் தனியா சாப்பிட்டா போய்ப் பக்கத்துல உக்காருவாங்க. வேற பெரிசா சொல்ல எதுவும் இல்ல" என்றார்.

எத்தனை பிள்ளைகள் என்பதை நான் திருப்பிக் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

7

தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது சுமதி வந்தாள். அந்த மெசேஜுக்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. கையில் முறுக்கு டப்பா. உள்ளே வந்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க பேச்சு நல்லாத்தானுங்க இருந்துச்சு. இத்தனை நாள் எங்ககிட்ட ஏன் அப்படிப் பேசவே இல்ல?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதை விடுங்க என்று கையை ஆட்டினாள். மறுபடியும் ஜெனியை மாதிரித் தேர்வுக்கு அனுப்புங்கள், இன்னும் கொஞ்ச நாள்தானே, நான் மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நான் ஜெனியின் வயிற்றுவலியைச் சொன்னேன். அவள் பேரைப் பரீட்சையிலிருந்து எடுத்துவிட்டதையும் சொன்னேன்.

சுமதி நிமிர்ந்து பார்த்தாள். "பயமா இல்லீங்களா உங்களுக்கு?"

"இருக்குங்க."

"எம் பையனுக்கும் தூக்கத்துல பல்லு நறநறங்குதுங்க" என்றாள் சுமதி. "நிறுத்திரலாம்னு எனக்கும் தோணுது. நிறுத்திட்டா சனிக்கிழமை நான் எங்கீங்க போவேன்? எங்கூட யாரு பேசுவா?"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தக் குழுவில் எல்லோரும் பிள்ளைகளுக்காக ஓடுகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். ஓடும்போதாவது பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்பதற்காகவும் ஓடுகிறோம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நான் அவளிடம், சனிக்கிழமை இங்கே வாருங்கள், சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்றேன். வருகிறேன் என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, "ஜெனிகிட்ட நான் கோவமா இல்லைன்னு சொல்லுங்க" என்றாள்.

அவள் வரவில்லை. கோபத்தால் இல்லை, அது எனக்கு நிச்சயம். சனிக்கிழமை அவளுக்கு மாதிரித் தேர்வு, அதற்குப் பிறகு நிஜத் தேர்வு. அதற்குப் பிறகு பையன் தேறிவிட்டான், புதுப் பள்ளி, புதுப் பெற்றோர் குழு. நல்ல செய்தி என்று குழுவில் போட்டாள், நானும் பூங்கொத்துப் படம் ஒன்று அனுப்பினேன். பிறகு அந்தக் குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. வேறு ஒன்று தொடங்கியிருப்பார்கள். போனில் அது இன்னும் இருக்கிறது, கடைசியாக என்னுடைய பூங்கொத்தோடு.

8

ஜெனி இப்போது அந்தச் சாதாரணப் பள்ளியில் படிக்கிறாள். வயிற்றுவலி போய்விட்டது. சாயங்காலம் வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, ஒரு சோமாலியப் பெண்ணைப் பற்றியும் ஒரு போலந்துப் பெண்ணைப் பற்றியும் நிறுத்தாமல் பேசுகிறாள். பாதி புரியாது, கேட்டுக்கொண்டிருப்பேன். முதல் வாரம் நான் பள்ளி வாசலுக்குப் போனேன். ஊர்ப்பழக்கம், சுவரில் சாய்ந்து நிற்க நாலு அம்மாக்கள் இருப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் இல்லை. ஆரம்பப் பள்ளியைத் தாண்டிவிட்டால் இங்கே பிள்ளைகள் தாங்களாகவே பஸ்ஸில் வந்துவிடுவார்களாம். ஜெனி என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்து, தாழ்ந்த குரலில், இனிமேல் வராதே என்றாள். போகவில்லை.

போன வாரம் புதுப் பெற்றோருக்கு என்று பள்ளியில் ஒரு டீ வைத்திருந்தார்கள். டேனியலுக்கு வேலை. நான் மட்டும் நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு, காலையில் எழுந்து மசால் வடை சுட்டு எடுத்துப் போனேன். பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், ஒருவர் தன் நாய்க்கு நடந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசினார். வடையைச் சாப்பிட்டுவிட்டு அருமை என்றார்கள். யாரும் யார் பிள்ளையைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லை. என்னிடமும் எதுவும் கேட்கவில்லை. நான் ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடித்த பள்ளி இதுதான். அதன் நடுவில் பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது வந்து எதையாவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது.

பக்கத்தில் செம்பட்டை முடிக்காரப் பெண் ஒருத்தி தனியாக நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேசவேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு அம்மாவிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தேடினேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் பழகிய ஒரே வழிதான் வாயில் வந்தது.

"உங்க பிள்ளைக்கு மேத்ஸ்ல எவ்வளவு?"

அவள் கொஞ்சம் திகைத்தாள். "எனக்குத் தெரியலையே. அவன் சந்தோஷமா இருக்கான்னு நினைக்கிறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு டீ ஆறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், நாய்க்காரர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

காலி டப்பாவோடு வீட்டுக்கு வந்தேன். ஜெனி கதவைத் திறந்தாள். முதல் நாள் பள்ளியிலிருந்து அவள் வந்தபோது நான் கேட்டதையே அவள் என்னைக் கேட்டாள், ஃப்ரெண்ட் யாராவது கிடைச்சாங்களா என்று. ஒருத்தி கிடைத்தாள் என்றேன். குழந்தைக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அவங்க பேர் என்ன?" என்றாள்.

நான் பேரைக் கேட்கவே இல்லை.